தவிட்டுக்குப் போன அண்ணன்

பிள்ளைகளைச் சீண்டுவதற்கு எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் ஒரே வசனம்தான். "ஒன்னயத் தவிட்டுக்கு வாங்குனோம்." கேட்ட பிள்ளை அழும், சுற்றி இருப்பவர்கள் சிரிப்பார்கள், அதோடு முடிந்துவிடும். எங்கள் வீட்டில் மட்டும் கதை தலைகீழ். நாங்கள் வாங்கவில்லை, விற்றோம். விற்கப்பட்டவன் என் அண்ணன் மதலைமுத்து. வாங்கியவர் எங்கள் கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கத்து வீட்டு ஜன்னத் பீவி. விலை ஒரு முறம் தவிடு. என்னை யாரும் எதற்கும் வாங்கவில்லை. அந்தக் கோபம் எனக்குப் பதினாறு வயது வரைக்கும் இருந்தது.

அன்னவாசலிலிருந்து இலுப்பூர் போகிற ரோட்டில் எங்கள் ஊர். ஜன்னத் பீவியின் கணவர் சுல்தான் ராவுத்தருக்கு அங்கே ஒரு ரைஸ் மில் இருந்தது. என் அப்பா சந்தியாகு அந்த மில்லின் டிரைவர். டிரைவர் என்றால் வண்டி ஓட்டுகிறவர் என்று நினைத்துவிடக் கூடாது. எஞ்சினைக் கிளப்பி, பெல்ட்டை மாட்டி, நெல்லை அரைத்துக் கொடுக்கிறவருக்கு எங்கள் பக்கம் அந்தப் பேர். சாயங்காலம் அப்பா வீட்டுக்கு வரும்போது புருவம், மீசை, காது மடல் எல்லாம் தவிடாக இருக்கும்.

அண்ணனுக்கு முன்னால் அம்மாவுக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்து, இரண்டும் கைக்குழந்தையாகவே போய்விட்டன. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தெட்டில் அண்ணன் பிறந்தபோது பிரசவம் பார்த்த மருத்துவச்சி மூக்காயி, தொப்புள்கொடி அறுத்த கையோடு அம்மா வியாகுலத்துக்கு யோசனையும் சொன்னாள். "இது ஒன் புள்ளைன்னு தெரிஞ்சா இதுவும் தங்காது வியாகுலம். யாருக்காவது வித்துரு. அப்பறம் அடுத்தவுக புள்ளைய வளக்குற மாதிரி வள."

அம்மா மறுயோசனை பண்ணவில்லை. அப்பா மில்லுக்குப் போனதும் பிள்ளையைத் துணியில் சுற்றிக் கொல்லைச் சுவருக்கு மேலே நீட்டினாள். அந்தப் பக்கத்திலிருந்து ஜன்னத் பீவி பிள்ளையை வாங்கிக்கொண்டு, ஒரு முறம் தவிட்டை இந்தப் பக்கம் கொடுத்தார். கொஞ்ச நேரம் பிள்ளையை மடியில் வைத்திருந்துவிட்டுத் திரும்ப நீட்டினார்.

"இது என் புள்ள. நீ வளத்துக் குடு. கல்யாணத்துக்கு முன்னாடி வந்து மீட்டுக்க. அது வரைக்கும் எம் மவனேன்னு ஒன் வாயில வரக் கூடாது. வந்துச்சுன்னா கேக்கக் கூடாத காதுல எல்லாம் வுழுந்துரும்."

அம்மா அந்த ஒப்பந்தத்தை அப்படியே காப்பாற்றினாள். தவிட்டைக் கோழிக்கு வைத்துவிட்டாள்.

அப்பாவிடம் மட்டும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அதே நாளில் சுவர் ஏறிக் குதித்துப் பிள்ளையைத் திருப்பி வாங்கியிருப்பார். தாயத்து, கறுப்புக் கயிறு, மந்திரித்த தண்ணீர் எதுவும் அவருக்கு ஆகாது. மூக்காயி ஒருமுறை அண்ணன் இடுப்பில் கட்டிவிட்ட கயிற்றை அறுத்து எஞ்சின் தண்ணித் தொட்டியில் போட்டவர் அவர். "குடுத்தது மாதா. காப்பாத்துறதும் மாதா. நடுவுல கயிறு என்னத்துக்கு?" என்று கேட்பார். ஆவூர்ப் பெரியநாயகி மாதா தேருக்கு வருஷம் தவறாமல் நடந்தே போகிறவர் அப்படித்தான் பேசுவார்.

அவருடைய இன்னொரு குணத்தையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அப்பா நன்றி சொல்லுகிற மனிதர். சாப்பிடுவதற்கு முன்னால் தோத்திரம், சாப்பிட்ட பிறகு தோத்திரம், பெல்ட் நழுவாமல் ஓடியதற்குத் தோத்திரம். அது சர்வேசுரனோடு நின்றிருந்தால் பரவாயில்லை. பஸ்ஸை நிறுத்தியதற்கு டிரைவரிடம் நன்றி சொல்லுவார், இறங்கும்போது கண்டக்டரிடம் சொல்லுவார், அந்த பஸ் நேரத்துக்கு வந்ததைப் பற்றி எதிரே வருகிறவரிடம் சொல்லுவார். அவர் தெருவில் நடந்து வந்தால், அவருக்கு எப்போதோ ஏதோ உதவி செய்தவர்கள் எல்லாம் சந்துக்குள் ஒதுங்குவார்கள். ஊரில் அவருக்குத் தோத்திரக்காரர் என்றுதான் பெயர்.

அண்ணன் பிறந்த நாளுக்கு வருஷாவருஷம் நன்றிப் பூசை வைப்பார். பூசை முடிந்ததும் கோயில் வாசலில் பொரிகடலையை வைத்துக்கொண்டு நின்று, இந்தப் பிள்ளை தங்கியதற்குக் காரணமான ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கையெடுத்துக் கும்பிடுவார். மூக்காயி, காய்ச்சலுக்கு மருந்து கொடுத்த புதுக்கோட்டை டாக்டர், பள்ளிக்கூடத்து வாத்தியார், பால் கொடுத்த எருமை வரைக்கும் வரும். எருமைக்குச் சொந்தக்காரர் சோலையப்பன் வெட்கப்பட்டுக்கொண்டு நிற்பார். எருமைக்கு அப்புறம் ஜன்னத் பீவியின் பெயர் வரும் என்று பெண்கள் எல்லாரும் அம்மாவை ஓரக்கண்ணால் பார்ப்பார்கள். வராது. விஷயம் ஊர்ப் பெண்கள் அத்தனை பேருக்கும் தெரியும். ஆண்களில் சுல்தான் ராவுத்தருக்கு மட்டும் தெரியும். மனைவி சொல்லாததை அவர் சொல்ல மாட்டார், அது அவருடைய உடம்புக்கு நல்லதில்லை.

தனக்குச் சொந்தமான பொருளை ஜன்னத் பீவி சும்மா விட்டுவைக்கவில்லை. அண்ணன் ஏதாவது சேட்டை செய்து, அம்மா விளக்குமாற்றை எடுத்தால் போதும். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வரும். "வியாகுலம், யாரு புள்ள மேல கை வைக்கிற?" அம்மா கையை இறக்கிவிடுவாள். ஆனால் ஓங்கிய கை ஓங்கினதுதானே, அது என் முதுகில் வந்து இறங்கும். எனக்காக ஒரு சுவரும் குரல் கொடுத்ததில்லை. ரம்ஜான் மாதம் பூராவும் சாயங்காலம் நோன்புக் கஞ்சி ஒரு தூக்கு வரும், அண்ணனுக்கு. அவன் குடித்து மிச்சம் வைத்தது எனக்கு. கிறிஸ்துமசுக்கு அவனுக்குச் சட்டைத்துணி, எனக்கு ஒரு ரிப்பன்.

வீட்டுக்குள் மட்டும் நிலைமை எனக்குச் சாதகமாக இருந்தது. அம்மா என்னை வாய்க்கு வாய் "எம் மவளே" என்று கூப்பிடுவாள். தண்ணி எடுத்து வா எம் மவளே, சாப்புட வா எம் மவளே. அண்ணனுக்கு "ஏய்" தான். மற்றவர்களிடம் பேசும்போது "அந்தப் பய". ஜன்னத் பீவியிடம் பேசும்போது "ஒங்க புள்ள". அண்ணனுக்குப் பத்து வயது இருக்கும்போது ஒருநாள் என்னிடம் மெதுவாகக் கேட்டான். "ஏன் பிலோமி, அம்மாவுக்கு என்னயப் புடிக்காதா?"

எனக்கு ஐந்து வயது. விற்ற கதை அப்போது எனக்குத் தெரியாது. "ஆமா, புடிக்காது," என்றேன். கிடைத்த சந்தர்ப்பத்தை விடுவானேன்.

பிறகு மூக்காயி ஒருநாள் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே முழுக்கதையையும் எனக்குச் சொன்னாள். அன்றைக்குத்தான் எனக்கு ஒன்று விளங்கியது. அம்மா அவனை மகனே என்று கூப்பிடாத ஒவ்வொரு தடவையும் அவனைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள். என்னை அப்படிக் காப்பாற்ற வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. வாய்க்கு வாய் கேட்ட அந்த மவளே அன்றிலிருந்து எனக்குக் கசக்க ஆரம்பித்தது.

அண்ணன் வளர்ந்தான். எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு, புதுக்கோட்டையிலிருந்து மணப்பாறை போகிற பஸ்ஸில் கண்டக்டராகச் சேர்ந்தான். காக்கிச் சட்டையும் தோல் பையுமாக அவன் வந்து நின்றபோது அப்பா பஸ் முதலாளிக்கு நன்றி சொல்லப் புதுக்கோட்டைக்கே போய்விட்டார். அறுபத்தொன்பதில் ஆவூரில் பெண் பார்த்தார்கள். செங்கோல்மேரி என்று பெயர், நல்ல பெண். கிறிஸ்துமசுக்கு முந்தின ஆகமன காலம் தொடங்கிவிட்டால் கோயிலில் கல்யாணம் கிடையாது, அப்புறம் தை மாதத்துக்குத்தான். அதனால் அதற்கு முந்தின புதன்கிழமையில் கல்யாணம் வைத்தார்கள்.

அம்மா ஒரு முறம் தவிட்டை எடுத்துக்கொண்டு கொல்லைச் சுவருக்குப் போனாள். நான் துணி காயப்போடுகிற சாக்கில் பக்கத்தில் நின்றேன்.

"அக்கா, மீட்டுக்கிறேன்," என்றாள்.

ஜன்னத் பீவி தவிட்டைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். "தர முடியாது," என்றார்.

"என்னக்கா இப்புடிச் சொல்றீங்க? பேசுனது அதானே."

"பேசுனது ஒன்கிட்ட. ஒன் புருஷன் ஊருக்கெல்லாம் கும்புடு போடுறாரு. எருமைமாட்டுக்குப் போடுறாரு. எனக்கு இன்ன வரைக்கும் ஒரு வார்த்தை உண்டா? அவரு வந்து கேக்கட்டும், தாரேன்."

"அவருக்குத் தெரியாதேக்கா."

"தெரிய வையி. நான் என்ன களவுப் பொருளா வச்சிருக்கேன்?"

அம்மா முறத்தோடு திரும்பி வந்தாள். அன்று ராத்திரி அவள் சாப்பிடவில்லை, அடுத்த நாளும் இல்லை. அப்பாவிடம் சொல்லவும் பயம், மீட்காமல் பிள்ளையை மாலையும் கழுத்துமாகப் பீடத்துக்கு முன்னால் நிறுத்தவும் பயம். இரண்டு பயத்தில் இரண்டாவதுதான் பெரியது. அவள் பறிகொடுத்த இரண்டு பிள்ளைகளும் இரவில் அவளோடு படுத்திருப்பது போலக் கையை நீட்டி நீட்டித் தடவிக்கொண்டிருந்தாள். என் கோபத்தையெல்லாம் மூட்டை கட்டி வைத்துவிட்டு அவளுக்காக இரக்கப்பட்டேன். ஆனால் அப்பாவிடம் போய்ச் சொல்லுகிற தைரியம் எனக்கும் இல்லை.

கோயிலில் கல்யாண ஓலை வாசிக்க ஆரம்பித்துவிட்டார்கள். மூன்று ஞாயிற்றுக்கிழமை, மூன்று ஓலை. இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம் நடக்க இருக்கிறது, தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் அறிவிக்கக் கடவார்கள் என்று முடியும். கோயில் வேப்ப மரத்தில் ஒலிபெருக்கி கட்டியிருந்ததால், கோயிலுக்கு வராதவர்களுக்கும் எங்கள் ஊரில் ஓலை கேட்கும். இரண்டாவது ஓலை வாசித்த அன்று மத்தியானம் ஜன்னத் பீவி என்னைச் சுவரோரம் கூப்பிட்டார்.

"பிலோமி, தடை தெரிஞ்சா யாரு வேணும்னாலும் சொல்லலாமா? ஒங்க ஆளுகதான் சொல்லணுமா?"

"யாரு வேணும்னாலும் சொல்லலாம் பீவியம்மா," என்றேன். "தெரிஞ்சுக்கிட்டுச் சொல்லாம இருந்தாத்தான் பாவம்."

"பாவம் நமக்கு எதுக்கு," என்றார் ஜன்னத் பீவி.

மறுநாள் காலையில் வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு சாமியார் பங்களாவுக்குப் புறப்பட்டார். வழி காட்ட நான் கூடப் போனேன். கோயில் கோபுரம் கண்ணுக்கு எதிரே தெரிந்தது. இருந்தாலும் வழி காட்டினேன்.

பங்குச் சாமியார் இஞ்ஞாசி சாமி வயதானவர், எதற்கும் அதிர்ந்து பேசாதவர். துப்பட்டி போர்த்திய மில் முதலாளியம்மாள் வாசலில் நிற்பதைப் பார்த்து எழுந்து நாற்காலி போட்டார்.

"மதலைமுத்து கல்யாணத்துல தடை இருக்குங்க சாமி," என்றார் ஜன்னத் பீவி.

"அப்புடியா? என்ன தடைங்க?"

"அவன் என் புள்ள. கல்யாணம் வச்சிருக்காக, என்னய யாரும் ஒரு வார்த்தை கேக்கல."

சாமியார் என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஜன்னத் பீவி முழுக்கதையையும் முறம் தவிடு குறையாமல் சொன்னார். சாமியார் நடுவில் இரண்டு தடவை இருமினார். அது இருமல் இல்லை என்று எனக்குத் தெரியும். கேட்டு முடித்ததும் முகத்தைச் சரிசெய்துகொண்டு, அப்பாவையும் அம்மாவையும் கூட்டி வரச் சொல்லி என்னை அனுப்பினார்.

அப்பா மில்லிலிருந்து அப்படியே வந்தார். புருவத்துத் தவிட்டைக்கூடத் தட்டவில்லை. அம்மா வாசற்படி தாண்டி உள்ளே வரவில்லை. சாமியார் இரண்டே வாக்கியத்தில் விஷயத்தைச் சொல்லிவிட்டார். அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா தரையைப் பார்த்தாள்.

"ஞானஸ்நானம் செல்லுமா சாமி?" இதுதான் அப்பா கேட்ட முதல் கேள்வி.

"செல்லும்."

"அப்ப இது தடையே இல்லையே."

"இல்ல. திருச்சபைச் சட்டத்துல தவிட்டப் பத்தி ஒண்ணும் இல்ல," என்றார் சாமியார்.

அப்பாவுக்குத் தெம்பு வந்துவிட்டது. ஜன்னத் பீவி பக்கம் திரும்பிக் கும்பிட்டார். "மொதலாளியம்மா, கோவிச்சுக்காதீங்க. இதெல்லாம் மூட நம்பிக்கை. இவ ஏதோ பயத்துல பண்ணிட்டா. மாதா குடுத்த புள்ளைய விக்கவும் முடியாது, வாங்கவும் முடியாது."

"இருக்கட்டும்," என்றார் ஜன்னத் பீவி. "எனக்கும் அதுல பெரிய நம்பிக்கை கெடையாது. ஆனா நம்பாதவளுக்கும் பயம்னு ஒண்ணு இருக்குல்ல. ரெண்டு புள்ளைய எடுத்துக்கிட்டுப் போனது எதுவோ, அது மூணாவதத் தேடி வந்தா என் வாசலுக்குல்ல வரும்? வரட்டும்னுதான் வாங்குனேன். அப்ப எனக்கு மாசம் ஆறு. எம் மக ஹமீதா வயித்துல இருந்தா."

எனக்கும் இது புதிது. மூக்காயி சொன்ன கதையில் இது இல்லை. அம்மா வாசற்படியில் உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சந்தியாகு," என்றார் சாமியார், "வருஷாவருஷம் எங்கிட்ட நன்றிப் பூசை கேக்குறியே. இந்தம்மாவுக்கு ஒரு நாளாவது நன்றி சொல்லியிருக்கியா?"

அப்பா வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. என் அப்பாவுக்கு நன்றி வராமல் நின்றதை அன்றைக்குத்தான் பார்த்தேன். மெதுவாகச் சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். விற்றது, மறைத்தது, மூட நம்பிக்கை எதுவும் இப்போது அவருக்குப் பெரிதாகத் தெரியவில்லை என்று முகத்திலேயே எழுதியிருந்தது. நன்றி சொல்லாமல் ஒரு ஆளை விட்டிருக்கிறார். எருமைக்குச் சொல்லியிருக்கிறார், இவருக்குச் சொல்லவில்லை.

"மொதலாளியம்மா வந்து தடை நீங்கிருச்சுன்னு எங்கிட்டச் சொல்லட்டும். மூணாவது ஓலைய ஞாயித்துக்கெழம வாசிக்கிறேன்," என்றார் சாமியார். சட்டத்தில் இல்லாத தடைக்கு அவர் ஏன் காத்திருக்க வேண்டும் என்று அப்பா கேட்கவில்லை. மூன்றாவது ஓலை தள்ளிப்போனால் கல்யாணம் தை மாதத்துக்குப் போய்விடும். பெண் வீட்டார் என்ன ஏது என்று கேட்பார்கள். அவர்களிடம் தவிட்டு வியாபாரத்தைச் சொல்ல முடியுமா?

அப்பா நேராக மில்லுக்குப் போனார். புது நெல்லைப் போட்டு அரைத்து, சூடு ஆறாத தவிட்டை முறத்தில் எடுத்து, தலையில் வைத்துக்கொண்டு பட்டப்பகலில் கடைத்தெரு வழியாக நடந்து ராவுத்தர் வீட்டு முன்வாசலுக்கு வந்தார். பின்னால் பாதி ஊர் வந்தது. ஜன்னத் பீவி வெளியே வந்து, ஒரு சிட்டிகை தவிட்டை எடுத்து விரலில் தேய்த்துப் பார்த்தார்.

"உமி கலந்திருக்கு," என்றார்.

அப்பாவைத் திருடன் என்று சொல்லியிருந்தால்கூட அவ்வளவு உறைத்திருக்காது. அவர் அரைத்த தவிட்டில் உமி என்று அந்த மில் திறந்த நாளிலிருந்து யாரும் சொன்னதில்லை. திரும்பி மில்லுக்குப் போனார். சலித்து, மறுபடி சலித்து, மாவு போல இருந்ததைக் கொண்டுவந்தார். ஜன்னத் பீவி தேய்த்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

"தவிடு நல்லாத்தான் இருக்கு. அளவு பத்தாது. நான் வாங்குறப்ப அவன் இம்புட்டுக்காணு இருந்தான். இப்ப எம்புட்டு ஒசரம்? கன்னுக்குட்டிக்கும் காளைக்கும் ஒரே வெலையா?"

"என்ன வேணுமோ சொல்லுங்க," என்றார் அப்பா.

"மில்லுல தராசு இருக்குல்ல. அவன நிறுத்து, எடைக்கு எடை குடுங்க."

சனிக்கிழமை காலையில் அண்ணன் டூட்டி முடிந்து வந்தான். விஷயத்தை அவனிடம் நான்தான் சொன்னேன். அவன் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. "அதனாலதான் அம்மா என்னய அப்புடிக் கூப்புடலயா?" என்று மட்டும் கேட்டான். ஆமாம் என்றேன். முகத்தைக் கழுவுகிறேன் என்று கிணற்றடிக்குப் போனவன் வெகுநேரம் திரும்பவில்லை.

மில்லுக்குப் போவதற்கு முன்னால் ஜன்னத் பீவி அவனை வீட்டுக்குக் கூப்பிட்டு இடியாப்பமும் பாயாவும் போட்டார். போதும் போதும் என்று சொல்லச் சொல்ல இலையில் விழுந்துகொண்டே இருந்தது. கடைசியில் ஒரு கோலி சோடாவையும் உடைத்துக் கொடுத்துக் குடிக்கச் சொன்னார். எடை ஏற்றுகிறார் என்று எனக்குப் புரிந்துவிட்டது. சொல்லி என்ன ஆகப்போகிறது, எனக்கும் ஒரு இடியாப்பம் கொடுத்திருந்தார்.

மில் உத்தரத்தில் சங்கிலியில் தொங்குகிற பெரிய தராசு. ஒரு தட்டில் அண்ணன் காக்கிச் சட்டையோடு சம்மணம் போட்டு உட்கார்ந்தான். ஆவூருக்குச் சேதி போய்விடக் கூடாது என்று முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டான். வாசல் நிறையக் கூட்டம். அம்மா தூணோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். இன்னொரு தட்டில் ஒரு மூட்டை தவிட்டை வைத்தார்கள். தட்டு அசையவே இல்லை. தவிடு என்ன கனம் இருக்கும்? மேலே இன்னொரு சாக்கை வாய் பிரித்து வைத்து, அப்பா முறத்தால் அள்ளி அள்ளிப் போட ஆரம்பித்தார்.

முதல் முறத்தைப் போடும்போது சொன்னார். "வாங்குன அன்னிக்கு, வயித்துல புள்ளையோட பயப்படாம வாங்குனீங்களே, அதுக்கு நன்றிங்க."

இரண்டாவது முறம். "இவனுக்கு வைசூரி போட்டப்ப ராவெல்லாம் ஒங்க வீட்டுல வெளக்கு எரிஞ்சுச்சு. ஏன்னு அப்பத் தெரியல. அதுக்கு நன்றிங்க."

"எம் பொஞ்சாதி கைய ஓங்குனப்ப எல்லாம் தடுத்தீங்களே, அதுக்கு."

"நோம்புக் கஞ்சிக்கு."

"சட்டைத்துணிக்கு."

அப்பா நன்றி சொல்ல ஆரம்பித்தால் எல்லாரும் நழுவிவிடுவார்கள் என்று சொன்னேனே. அன்றைக்கு ஒருத்தரும் நகரவில்லை. சோலையப்பன் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அப்பாவுக்குக் கண்ணீர் வழிந்து, கன்னத்துத் தவிட்டில் கோடு போட்டுக்கொண்டிருந்தது. அவர் நிறுத்தவில்லை. "குடுத்தது மாதா. மாதா குடுத்ததக் காவல் காத்தது நீங்க. நான் பாட்டுக்கு நடுவுல நின்னு பொரிகடலை குடுத்துக்கிட்டிருந்தேன்," என்றார்.

இத்தனை வருஷமாக இந்த வார்த்தைகளைக் கேட்க வேண்டும் என்று அடம் பிடித்த ஜன்னத் பீவிக்கு இப்போது நிற்க முடியவில்லை. துப்பட்டியை இழுத்து இழுத்து விட்டார். எஞ்சினைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். "போதும்ங்க," என்றார். அப்பாவுக்குக் கேட்கவில்லை, அடுத்த முறத்தை அள்ளிக்கொண்டிருந்தார். தராசு முள் நடுவுக்கு வர இன்னும் நிறைய இருந்தது. ஜன்னத் பீவி தவிட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வந்து, துப்பட்டிக்குள்ளிருந்து கையை நீட்டித் தட்டின் விளிம்பில் வைத்து ஒரு அழுத்து அழுத்தினார். அண்ணன் மேலே வந்தான்.

"சரியாப் போச்சு. முள்ளு நேரா நிக்குது, பாத்துக்கங்க," என்றார்.

சுல்தான் ராவுத்தர் தராசைப் பார்த்தார், மனைவியின் கையைப் பார்த்தார், பிறகு திரும்பிப் பெல்ட்டைப் பார்த்தார். எடை சரியாகத்தான் இருக்கிறது என்றார்.

"எடுத்துக்க வியாகுலம். ஒன் புள்ள," என்றார் ஜன்னத் பீவி.

அம்மா தூணை விட்டு வந்தாள். வாயைத் திறந்தாள், மூடினாள். இருபத்தொரு வருஷமாக விழுங்கி விழுங்கி வைத்திருந்தது உடனே வந்துவிடுமா? அண்ணன் முகத்திலிருந்த துண்டை எடுத்துவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எம் மவனே," என்றாள் அம்மா.

அண்ணன் தட்டிலிருந்து ஒரே குதியாகக் குதித்தான். தராசு என்றால் அப்படிக் குதிக்கக் கூடாது என்று ஒரு மில் டிரைவர் மகனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தவிட்டுத் தட்டு தரையில் மோதி, சாக்கு கவிழ்ந்து, மில் பூராவும் தவிடு பறந்தது. புகை போல எழும்பி எல்லார் தலையிலும் இறங்கியது. அது அடங்கியபோது அம்மாவும் அண்ணனும் ஒருத்தரை ஒருத்தர் கட்டிக்கொண்டு இரண்டு தவிட்டுப் பொம்மைகளாக நின்றார்கள். அம்மா மகனே மகனே என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். சேர்த்து வைத்ததையெல்லாம் ஒரே நாளில் தீர்க்கிறவள் போல இருந்தது.

எல்லாரும் தும்மிக்கொண்டும் சிரித்துக்கொண்டும் இருந்தார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அண்ணனுக்குக் கிடைத்துவிட்டது, நல்லதுதான். ஆனால் எனக்கு என்ன இருக்கிறது, கழுத்து நிறைய மவளேயும் ஒரு ரிப்பனும்தானே என்று ஓரமாக நின்று மூக்கை உறிஞ்சினேன். தவிட்டினால் என்று எல்லாரும் நினைத்திருப்பார்கள்.

ஜன்னத் பீவி நினைக்கவில்லை. கீழே கிடந்த முறத்தை எடுத்தார். தரையிலிருந்து தவிட்டை வழித்து அதில் போட்டுக்கொண்டு அம்மா முன்னால் வந்து நின்றார். ஆனால் பார்வை என் மேல் இருந்தது.

"அவன மீட்டுக்கிட்டுப் போயிட்ட. இனிமே சுவத்துக்கு இங்கிட்டு நின்னு நான் யாருக்காகச் சத்தம் போடுறது? இவள விக்கிறியா?"

அம்மா அப்பாவைப் பார்த்தாள். கயிற்றை அறுத்துத் தண்ணித் தொட்டியில் போட்டவர், திங்கட்கிழமைகூட மூட நம்பிக்கை என்று சொன்னவர். அப்பா முறத்தை எட்டிப் பார்த்தார்.

"தலைதட்டி இருக்குங்க," என்றார். "புள்ள தங்கமானவ. குமிச்சுப் போடுங்க."

ஜன்னத் பீவி இன்னும் இரண்டு கை அள்ளிக் குவித்துப் போட்டு நீட்டினார். அம்மா முந்தானையை விரித்து வாங்கிக்கொண்டாள். அப்பா ஜன்னத் பீவியிடம் நன்றி என்றார். சுல்தான் ராவுத்தருக்கும் ஒரு நன்றி சொன்னார், தராசுக்கும் சொல்லியிருப்பார், சுற்றி ஆட்கள் இருந்தார்கள் என்று விட்டுவிட்டார்.

சாயங்காலமே ஜன்னத் பீவி சாமியார் பங்களாவுக்குப் போய்த் தடை நீங்கிவிட்டதாகச் சொன்னார். மறுநாள் ஓலை வாசித்தார்கள், புதன்கிழமை கல்யாணம் நடந்தது. அதெல்லாம் பிறகு. மில்லிலிருந்து கிளம்பும்போது அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். பழக்கத்தில் உதடு பிரிந்து, "எம் ம" வரைக்கும் வந்தது. அங்கேயே நிறுத்தி, பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"ஏய்," என்றாள். "நின்னுக்கிட்டு என்ன பாக்குற? வீட்டுக்குப் போயி அடுப்பப் பாரு."

நான் வீட்டுக்கு ஓடினேன். என் கல்யாணத்துக்கு முதல் நாள் வரைக்கும் அம்மா என்னை மகளே என்று ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை.